கிழக்குப் பக்கம் பொங்கிய பால்

பாமன்கடை,
24.02.2025

அன்புள்ள யதுஷா அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். அந்தக் குளிரில் நீங்களும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். நேற்றுப் போனில் கத்தியதற்கு மன்னிக்க வேண்டும். வெள்ளவத்தைச் சிற்றுண்டிக் கடையை நிலாம் நாநாவுக்கு விற்ற நாளிலிருந்து, போனை எடுத்தால் மூன்றாவது நிமிடம் எங்களுக்குள் சண்டை. நீங்கள் விமானம் ஏறும்போது சொன்னபடியே இருப்போம். போன் பிள்ளைக்கு, கடிதம் எங்களுக்கு. எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் உங்களிடம் வந்து சேர நாள் கடந்துவிடும். இந்த முறை நாள்தான் விஷயம்.

சிவக்கொழுந்துச் சாத்திரியாரிடம் போனேன். மார்ச் இருபத்தொன்பதாம் திகதி சனி மாறுகிறது. உங்கள் சிம்ம ராசிக்கு அட்டமத்துச் சனி. அதன் பிறகு இரண்டரை வருடத்துக்குப் புதுத்தொழில் நினைத்தும் பார்க்கக் கூடாதாம். அதற்கு முன்னர் உங்களுக்குப் பொருந்தி வருவது ஒரே ஒரு நாள், மார்ச் பத்தாம் திகதி திங்கட்கிழமை, காலை ஒன்பதரையிலிருந்து பத்தரை. இங்குள்ள நேரமா ருமேனியா நேரமா என்றும் கேட்டேன். கடை எந்த மண்ணில் இருக்கிறதோ அந்த மண்ணின் நேரம்தானாம்.

அங்கே நீங்கள் திறக்கப்போகும் கடைக்கு அனுமதிப் பத்திரம் இருபதாம் திகதிக்குப் பிறகுதான் வரும் என்கிறீர்கள். வரட்டும். பத்திரம் பின்னால் வரலாம், நாள் பின்னால் வராது. சும்மா பால் காய்ச்சினால் போதாது. கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் கைராசிக்காரர் ஒருவருக்கு ஒரு ரோல்ஸாவது விற்க வேண்டும். முதல் காசு மேசை லாச்சிக்குள் விழுந்தால்தான் கடை திறந்ததாகக் கணக்கு. நிலாம் நாநாவின் மகன் நப்ரீஸ் அங்கேதானே வேலை செய்கிறான். அவனுக்கு நல்ல கை.

பால் எந்தப் பக்கம் பொங்கியது என்று மறக்காமல் எழுதுங்கள். காதுக்குத் தொப்பி போடுங்கள்.

உங்கள்
சுபோதினி

---

புக்காரெஸ்ட்,
27.02.2025

அன்பின் சுபோ,

கடிதம் கிடைத்தது. சாத்திரியாருக்குச் சனியைத் தெரியும், இந்த ஊர் அதிகாரிகளைத் தெரியாது. எனக்கும் தெரியாது என்பதுதான் பயம். பாஷை தெரியாமல், அவர்கள் நீட்டுகிற கடதாசியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு திரிகிறேன். கடைக்கு மேலே நான்கு மாடிகளில் குடும்பங்கள் இருக்கின்றன. கட்டடத்துச் சொந்தக்காரி எலேனா அம்மா நல்ல மனுஷி. ஆனால் ஒவ்வொரு நாளும் விரலை ஆட்டி ஏதோ சொல்லுகிறா. "முதலில் பத்திரம், பிறகு அடுப்பு" என்று சொல்லுவதாகத்தான் நப்ரீஸ் மொழிபெயர்க்கிறான்.

பத்து நாள் பொறுத்தால் ஒரு தலையிடியும் இல்லை என்று என் மனம் சொல்லுகிறது. ஆனால் கடையை விற்க வேண்டாம் என்று நீர் அழுதபோது நான் கேட்கவில்லை. "அங்க எங்கட பொடியள் ஆயிரக்கணக்கில வேலை செய்யிறாங்கள், ஒரு ரோல்ஸ் குடுக்க ஆளில்லை" என்று ஒற்றைக் காலில் நின்றேன். அன்றைக்கு உம்முடைய முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இதையாவது கேட்கிறேன். பத்தாம் திகதியே வைப்போம்.

தொப்பி போட்டிருக்கிறேன். யதுஷா பார்த்துச் சிரித்தவள்.

தனஞ்சயன்

---

புக்காரெஸ்ட்,
11.03.2025

அன்பின் சுபோ,

எல்லாம் நல்லபடியாக நடந்தது. பால் கிழக்குப் பக்கம் பொங்கியது. நப்ரீஸ்தான் முதல் ரோல்ஸ் வாங்கினான். முப்பது பேருக்கு மேல் வந்தார்கள்.

களைப்பாக இருக்கிறது. பிறகு எழுதுகிறேன். கடையில் சனம் கூடுதல், அதனால் யதுஷாவைப் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு, நான் அறைக்கு வந்ததும், போன் எடுக்கச் சொல்லும்.

தனஞ்சயன்

---

பாமன்கடை,
21.04.2025

அன்புள்ள யதுஷா அப்பாவுக்கு,

புதுவருட வாழ்த்துக்கள், ஒரு கிழமை பிந்தி. நீங்களும் பிந்தித்தானே எழுதுகிறீர்கள். அந்த நாலு வரிக் கடிதத்தை எத்தனை தரம் வாசிப்பது? எனக்கே பாடமாகிவிட்டது. கிழக்குப் பக்கம் என்று வாசித்த அன்று வெள்ளவத்தைப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்தேன். பாதி உடைத்தாயிற்று, மீதியை நீங்கள் வந்து உடைப்பீர்கள்.

சாத்திரியாருக்கு வேட்டி சால்வை கொடுத்தேன். "எல்லாம் அவன் செயல்" என்று சொல்லிவிட்டு இரண்டையும் வாங்கிக்கொண்டார். மேல்வீட்டுச் சரோஜினிதேவி அக்காவும் மகனுக்கு அவரிடமே நாள் பார்த்திருக்கிறா. என் வாய்தான் காரணம். காண்கிற ஆட்களிடம் எல்லாம் கிழக்குப் பக்கம், கிழக்குப் பக்கம் என்று சொல்லித் திரிகிறேன். பெருமை பேசுகிறேன் என்று தெரிகிறது. பேசிவிட்டுப் போகிறேனே, கடையை விற்ற ஆறு மாதம் தலை குனிந்து நடந்தவள் நான்.

ஒரு குறை இருக்கிறது. பிள்ளைக்கு ஏன் இன்னும் கடையைக் காட்டவில்லை? எப்போது எடுத்தாலும் அறைச் சுவர்தான். அப்பா சுவர்தான் விற்கிறார் என்று பகிடி பண்ணுகிறாள். பலகையில் பெயர் தமிழில் எழுதியிருக்கிறீர்களா என்று பார்க்க எனக்கும் ஆசை.

பிள்ளையின் பள்ளிக்கூடச் சோதினை முடிந்ததும் நாங்கள் இருவரும் வரலாமா? வந்தால் மாவை நான் பார்த்துக்கொள்வேன். உங்கள் ரோல்ஸ் தோல் எப்போதும் தடிப்பு.

சுபோதினி

---

புக்காரெஸ்ட்,
15.06.2025

அன்பின் சுபோ,

பிந்தியதற்குக் குறை நினைக்க வேண்டாம். கடையில் நிற்கவே நேரம் சரி. எலேனா அம்மாவுக்கு மீன் ரோல்ஸ் பிடித்துவிட்டது. உறைப்புக்குக் கண்ணால் தண்ணீர் வரும், ஆனாலும் நாளைக்கு இரண்டு சாப்பிடுவா. பலகை தமிழில்தான், மேலே சின்னதாக அவர்களுடைய எழுத்தில். படம் எடுத்து அனுப்பலாம் என்றால் முன்பக்கத்துக்கு வர்ணம் அடிக்கிறார்கள், சாரம் கட்டி மறைத்திருக்கிறது.

இந்த மாதமும் குறைவாகத்தான் அனுப்ப முடிந்தது. பெரிய குளிர்ப்பெட்டி ஒன்று வாங்கினேன். நீர் எப்படிச் சமாளிக்கிறீர் என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

இப்போது வர வேண்டாம். அறை சின்னது. கொஞ்சம் நிலைத்த பிறகு நானே சொல்லுகிறேன். தேங்காய் மீதியை நீரே உடைத்துவிடும். கடன் வைத்தால் பிள்ளையாருக்குக் கோபம் வரும்.

தனஞ்சயன்

---

பாமன்கடை,
14.09.2025

யதுஷா அப்பாவுக்கு,

தன் தங்கை பஹ்மாவின் கலியாணத்துக்கு நப்ரீஸ் வந்திருக்கிறான். வியாழக்கிழமை கடைக்கு வந்தவன், எங்கள் பழைய கடைக்கு. நான் பின்னால் அடுப்படியில் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தேன். ஓம், வைகாசியிலிருந்து அங்கேதான் வேலை. உங்களுக்குச் சொல்லவில்லை. உங்கள் மனம் நோகும் என்று மறைத்தேன். மறைப்பதில் நான் மட்டும்தான் கெட்டிக்காரி என்று நினைத்திருந்தேன்.

அவன் என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "ஆன்ட்டி, அங்கிள் இன்னம் அந்தப் பாண் ஃபெக்டரியிலதானே?" என்றுதான். எந்தப் பாண் ஃபெக்டரி என்றேன். பொடியனின் முகம் செத்துப்போயிற்று. "அங்கிள் ஒங்களுக்குச் சொல்லல்லியா?" என்று கேட்டுவிட்டுத் தகப்பனைப் பார்த்தான். நிலாம் நாநா முன்பக்கம் போய்விட்டார்.

அவனுடைய போனில் இருந்த வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். காட்ட மாட்டேன் என்றவன்தான். நான்தான் விடவில்லை.

அந்தக் குளிரில் பட்டு வேட்டியோடு நிற்கிறீர்கள். தட்டு நிறையக் கற்பூரம் எரிகிறது. தேங்காய் உடைக்கிறீர்கள். அடுப்பில் பால். நப்ரீஸ் காசு நீட்ட, அதைக் கண்ணில் ஒற்றி லாச்சிக்குள் போடுகிறீர்கள். எல்லாரும் கை தட்டுகிறார்கள். பிறகு அந்தச் சத்தம். புகைக்கு அடிக்கிற மணியாம். மேல்மாடிச் சனம் குழந்தை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியால் ஓடிவருகிறது. தீயணைப்புக்காரர் வருகிறார்கள். ஒருவர் அடுப்பைக் காட்டிக் கேட்கிறார், நப்ரீஸ் கையிலிருந்த ரோல்ஸைக் காட்டிக் கேட்கிறார், லாச்சியைக் காட்டிக் கேட்கிறார். நீங்கள் வேட்டித் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறீர்கள்.

பூசை மட்டும் என்றிருந்தால் புகைக்கு எச்சரித்துவிட்டுப் போயிருப்பார்களாம். பத்திரம் இல்லாமல் விற்றதைக் கண்டதால்தான் சீல் வைத்தார்களாம். எலேனா அம்மாவும் பயந்துபோய் அடுத்த கிழமையே வாடகை ஒப்பந்தத்தை முறித்துவிட்டாவாம். நப்ரீஸ் சொன்னான். அவனைத் திட்ட வேண்டாம்.

அந்த ரோல்ஸை விற்கச் சொன்னது நான். கற்பூரம் நான். திகதி நான்.

பால் பொங்கவே இல்லை. மணி அடித்ததும் நீங்கள் அடுப்பை அணைத்துவிட்டீர்கள். அந்த இடத்தை மூன்று தரம் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஆடை படிந்த பால், அப்படியே சட்டிக்குள்.

கடை போனது போகட்டும். ஆறு மாதம் என்னைக் கோயில் கோயிலாக நன்றி சொல்ல விட்டீர்களே. என் மூடத்தனத்தை நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்ததை வாசித்துக்கொண்டு இருந்தீர்களே. என்னிடம் கத்தியிருந்தால் ஆகாதா? போனில் எத்தனை தரம் கத்தியிருக்கிறோம்.

வந்துவிடுங்கள். நிலாம் நாநா நேற்றுச் சொன்னார், "தங்கச்சி, அடுப்பு ஒங்கட கைக்குப் பழகினது. தனா வந்தா வந்து நிக்கட்டும், நான் மொதலாளின்னு கதைக்க மாட்டேன்." சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. யதுஷாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

சுபோதினி

---

புக்காரெஸ்ட்,
05.10.2025

சுபோ,

மூன்று கிழமையாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிக்க முதல் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நீர் பார்த்தது எல்லாம் உண்மை. பாண் தொழிற்சாலையில் மா வைத்துச் சுடுகிற தட்டுக் கழுவுகிறேன். குளிர்ப்பெட்டி, வர்ணம், எலேனா அம்மாவின் மீன் ரோல்ஸ், எல்லாம் நான் கட்டிய கதை. எலேனா அம்மா ஒருநாளும் என் ரோல்ஸைத் தின்று பார்க்கவில்லை. சாமான்களை வெளியே எடுத்த அன்று தோளில் தட்டி அழுதா. என்ன சொன்னா என்று விளங்கவில்லை.

கிழக்குப் பக்கம் என்று எழுதியது உமக்காகத்தான். உம்மை எனக்குத் தெரியும். உம்முடைய நாளால்தான் எல்லாம் போனது என்று தெரிந்தால் சாகும்வரை தூக்கிச் சுமப்பீர். ஒரு வரிப் பொய்தானே, கடை திரும்ப எழும்பியதும் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். எழும்பவில்லை. நான் பத்து நாள் பொறுத்திருக்க வேண்டும். பாஷை தெரியாத ஊரில் பத்திரத்துக்குக் காத்திருப்பது ஒன்றுதான் எனக்கு இருந்த பாதுகாப்பு. அதைத் தெரிந்துகொண்டே விட்டேன். கையெழுத்துப் போட்டவன் நான், குற்றமும் என்னுடையதுதான்.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. அதை மறைத்தால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். நேர்த்தி பற்றியும் சாத்திரியாரின் வேட்டி பற்றியும் நீர் சந்தோஷமாக எழுத எழுத, எனக்கு உம்மேல் கோபம் வந்தது. உமக்காகப் பொய் எழுதிக்கொண்டே உம்மை வெறுத்தேன். நல்லவனாக இருக்கிறேன் என்று நினைத்து மனதைக் கெடுத்துக்கொண்டேன். இப்போது கோபம் குறைந்துவிட்டது, முற்றாகப் போகவில்லை. உம்முடைய முகத்தை நினைத்தால் கூடவே அந்தப் பால்சட்டியும் வருகிறது. அது நியாயம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

கடையை விற்கும்போது உம்முடைய சொல்லைக் கேட்கவில்லை. திறக்கும்போது கேட்டேன். இரண்டும் மாறி நடந்திருக்க வேண்டும்.

நிலாம் நாநாவுக்கு என் நன்றியைச் சொல்லும். நான் சாவி கொடுத்த கதவுக்குள் கூலிக்குப் போக என்னால் ஏலாது. நீர் போகிறீர், என்னைவிடப் பெரிய மனம் உமக்கு. பிள்ளையோடு ஞாயிறு தோறும் கதைப்பேன், முடிந்ததை அனுப்புவேன். நாங்கள் இருவரும் கொஞ்சக் காலம் எழுதாமல் இருப்போம்.

தனஞ்சயன்

---

பாமன்கடை,
20.01.2026

யதுஷா அப்பாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். நான் கேட்கவில்லை, இது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் நீலக்கோடு விழுந்திருக்கிறது, வாசித்திருக்கிறீர்கள். பதில் வராது என்று தெரிந்துகொண்டுதான் இதையும் எழுதுகிறேன். கார்த்திகை வெள்ளத்தின்போது பிள்ளைக்கு மட்டும் "எல்லாரும் சுகமா" என்று அனுப்பியிருந்தீர்கள். எல்லாரும் என்பதில் நானும் இருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டேன்.

யதுஷாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. அடுத்த நாள் கடைக்கு வந்து, எனக்குப் பக்கத்தில் நின்று ரோல்ஸ் சுற்றினாள். அவள் சுற்றுவதும் தடிப்பு, உங்களைப் போல.

சாத்திரியார் வழியில் மறித்தார். அட்டமத்துச் சனி, இரண்டரை வருடம் முடியும் வரை புருஷனை வரச்சொல்லிக் கேட்காதே என்றார். நல்லது ஐயா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இனி அந்தப் படி ஏற மாட்டேன்.

பொங்கலுக்குப் பால் வைத்தோம். வைத்துவிட்டு நான் உள்ளே போய் அரிசி களைந்துகொண்டு நின்றேன். "அம்மா பொங்குது, ஓடி வாங்கோ" என்று பிள்ளை கூப்பிட்டாள். நான் மெல்லத்தான் வந்தேன். வரும்போது வழிந்து முடிந்திருந்தது. எந்தப் பக்கம் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். சொல்லாதே பிள்ளை என்றேன். அடுப்பைச் சுற்றித் துணியால் துடைத்துவிட்டேன், எல்லாப் பக்கமும்.

உங்கள் கோபம் போக எவ்வளவு காலம் ஆகுமோ ஆகட்டும். நான் அவசரப்படுத்தவில்லை. ஒருதரம் அவசரப்படுத்தியது போதும். வருகிற நாளில் வாருங்கள். செவ்வாய்க்கிழமை வந்தாலும் சரி, அட்டமியில் வந்தாலும் சரி. நல்ல ராகு காலத்தில் வந்து கதவைத் தட்டினாலும் எழும்பித் திறப்பேன்.

சுபோதினி