கெளுத்தி வாயில் பார்த்தது

அண்ணாமலை நகர்,
ஐப்பசி 23

அன்பு மகள் வினோதினிக்கு அப்பா எழுதுவது. முட்டிவலியைத் தவிர நான் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை செம்பியனும், உன் வயிற்றிலிருக்கும் நம் குட்டியும் சுகமாயிருக்கத் தில்லைக்காளியை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் தாளில் எழுதி, லீவு முடிந்து உங்கள் மெல்போர்னுக்குத் திரும்பும் நம் தெருப் பையன் அன்பரசுவிடம் கொடுத்தனுப்புகிறேன். இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. தில்லையம்மாள் அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வாய்தான் ஓயவில்லை. தாயில்லாத பொண்ணுக்குத் தலைப்பிரசவம், ஆம்பள நீ போயி என்னாடா பண்ணப் போற என்று தினமும் கேட்கிறாள். நீயும் போன வாரம், வரவேணாம்பா, உங்களால முடியாது, ஆள் வச்சுக்கிறோம் என்றாய். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, மறைப்பானேன்.

அந்த ரோஷத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பரங்கிப்பேட்டை போனேன், நமக்கு மீன் கொண்டுவரும் கண்ணாயிரம் வீட்டுக்கு. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு செய்வது எப்படி என்று அவர் மனைவியிடம் கேட்டேன். சுறாவை வேகவைத்துத் தோலுரித்து உதிர்க்க வேண்டுமாம், நான் பச்சையாகவே உதிர்க்கப் பார்த்தேன், அந்தம்மா சிரித்த சிரிப்பு அடங்கக் கால் மணி ஆயிற்று. பிறகு கண்ணாயிரத்தோடு வெள்ளாற்று முகத்துவாரத்துக்குப் போனேன். அவர் இழுத்த வலையில் ஒரு கெளுத்தி. முள் குத்தும், வழவழப்புப் போகச் சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று உன் அம்மா வீட்டுக்குள்ளேயே விடாத அதே மீன். அதன் வாயிலிருந்து கோலிக்குண்டு அளவு முட்டை ஒன்று உருண்டு விழுந்தது. உள்ளே பார்த்தால் வாய் நிறைய முட்டை. பெத்ததையே முழுங்குது பாருங்க, சண்டாள மீனு என்று திட்டிவிட்டேன். கண்ணாயிரம் என்னை ஒரு பார்வை பார்த்து, திங்கல சார், இது ஆம்பள மீனு, பொட்டை முட்டைய போட்டுட்டுப் போயிடும், இதுதான் குஞ்சு பொரிக்கிற வரைக்கும் வாயில வச்சுக் காப்பாத்தும், அதுவரைக்கும் ஒரு வாய் தீனி எடுக்காது என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது அம்மா. அறுபத்திமூன்று வருஷமாகச் சந்தையில் மூக்கைச் சுளித்துக்கொண்டு தாண்டிப்போன மீன். முழங்கால் தண்ணீரில் இறங்கி நாங்கள் இருவருமாக அதை மெதுவாக விட்டோம். வாயை இறுக்கிக்கொண்டு ஒரு வளையம் சுற்றி உள்ளே போய்விட்டது. கரையில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினேன், நனைந்த வேட்டியோடு.

பாஸ்போர்ட்டைப் போன மாதமே புதுப்பித்துவிட்டேன். அத்தையிடம் பிரசவ லேகியம் கிண்டக் கற்றுக்கொண்டேன், முதல் தடவை அடிபிடித்தது, இரண்டாவது தேறிவிட்டது. சுறாப்புட்டும் கைவந்துவிட்டது. குழந்தையைக் குளிப்பாட்டத்தான் பயம், அதையும் பழகிக்கொள்வேன். அம்மா இருந்திருந்தால் நீ அவளைக் கூப்பிட்டிருப்பாய், வேண்டாமென்று சொல்லியிருக்க மாட்டாய். அவள் இல்லை, நான் இருக்கிறேன். வாங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, ஈரத் தரையில் பார்த்து நட. மாப்பிள்ளைக்கு என் ஆசி. தாயும் சேயுமாக நீங்கள் நூறாண்டு நிறைந்திருக்க வேண்டும்.

உன் பதிலுக்காகப் பயணப் பெட்டியைத் திறந்துவைத்தபடி,
அப்பா ராஜமாணிக்கம்