ஒரே ஒரு ‘ள்’

மார்ச் 4
அக்காவின் ‘ஈரக்குடை’ துப்பறியும் நாவல் விருதின் கடைசி மூன்றுக்குள் வந்துவிட்டது, வந்துவிட்டது, வந்தேவிட்டது!!!

கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவருக்கு பவர் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. நான் கத்திய கத்தலில் அவர், “என்னம்மா, என் கண்ணு அவ்வளவு மோசமா?” என்று அரண்டுபோனார்.

அக்கா என்றால் சொந்த அக்கா இல்லை. எழுத்தாளர். அவருக்கு இணையத்தில் ரசிகர் பக்கம் நடத்துவது நான். எனக்கு யாரும் உட்காரவைத்து இலக்கணம் சொல்லித்தரவில்லை, கொலைக் கதை படித்துப் படித்து நானே பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் நான் ‘புலவரே’. அண்ணனுக்கு மட்டும் ‘புலம்பலே’.

விருது வாசகர் ஓட்டில்தான். ஏற்கெனவே இரண்டு தடவை கைக்கு வந்து நழுவியது. “இந்தத் தடவையும் போச்சுன்னா அடுத்த புத்தகத்தைப் போட மாட்டாங்களாம்டி” என்றார் அக்கா. போகாது. விட மாட்டேன்.

மார்ச் 6
பிரசாரப் பதிவு போட்டாச்சு. “பூட்டிய பல் ஆஸ்பத்திரி. நாற்காலியில் ஒரு பிணம். உள்ளே மாட்டிக்கொண்ட ஆறு பேரில் ஒருவர் கொலையாளி. கடைசிப் பக்கத்தில் கொலையாளி சிரிக்கிறாள் பாருங்கள், அந்தச் சிரிப்புக்கே ஓட்டுப் போடலாம்!”

லைக் கொட்டுகிறது. நான் யாரு!

அதே நாள், மதியம்
செத்தேன்.

முதலாளி நாவலில் பாதிவரை வந்திருக்கிறார். புத்தகத்துக்குள் விரலை வைத்தபடியே வந்து நின்றார். “ஏம்மா, ‘சிரிக்கிறாள்’னு போட்டிருக்கியே. அந்த ஆறு பேர்ல பொம்பள ஒருத்திதானே?”

சிரிக்கிறாள். ள். ஐயோ, ள்!

புத்தகம் முழுக்க ‘அந்த உருவம் வந்தது, நின்றது, போனது’ என்று அஃறிணையிலேயே ஓட்டி, கடைசி வரியில்தான் அக்கா அதைப் பெண்ணாக்கினார். நான் ஒற்றை எழுத்தில் அவள் கைக்கு விலங்கு மாட்டிவிட்டேன். பதிவை அழித்தேன். அதற்குள் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள், படுபாவிங்க.

அக்கா கூப்பிட்டார். “நீ இருக்கும்போது எனக்கு எதிரி எதுக்குடி?” அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மார்ச் 7
கை தவறி விழுந்த எழுத்து என்று சொன்னால்? நம்ப மாட்டார்கள். என் பக்கத்தில் பிழையே வராதே. புலவராச்சே.

ஆனால் — பிழை வரும் என்று காட்டிவிட்டால்?

வேண்டாம். மானம் போயிடும்.

...போகட்டும்.

மார்ச் 8
மூன்று பதிவு போட்டேன். மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டுதான் அனுப்பினேன்.

“இன்ஸ்பெக்டர் வந்தாள். தன் மீசையை முறுக்கினாள்.”
“போலீஸ் நாய் குரைத்தார்கள்.”
“பல் டாக்டர் தன் மனைவியைப் பார்த்து அழுதது.”

“புலவரே, பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்காவது ஒதுங்கினதுண்டா?” என்று ஒருவன். “அப்ப அந்த ‘சிரிக்கிறாள்’ளும் இந்த லட்சணம்தானா? நான் வேற நம்பித் தொலைச்சிட்டேன்!” என்று இன்னொருவன்.

அதேதான்! அதுதான் வேணும்! அப்புறம் ஏன் அந்தக் கிண்டலையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன்?

மார்ச் 10
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் உயர்திணை, அஃறிணையை விளக்கி நீளமாகப் பாடம் அனுப்பியிருக்கிறார். “நன்றி ஐயா, இனிமேல் நான் கவனமாக இருக்கும்” என்று பதில் போட்டேன். மனிதர் இரண்டாம் பாடமும் அனுப்பிவிட்டார்.

அண்ணன்: “ஆபீஸ்ல கேக்கிறாங்க, இது உன் தங்கச்சியான்னு. தூரத்துச் சொந்தம்னு சொல்லிட்டேன்.”

மார்ச் 15
முதலாளி படித்து முடித்துவிட்டார். “அடிப்பாவி! உன் தமிழை நம்பக் கூடாதுன்னு கடைசிவரைக்கும் டாக்டரையே சந்தேகப்பட்டேனே!” என்னை முறைத்துக்கொண்டே அக்காவுக்கு ஓட்டுப் போட்டார்.

மார்ச் 22
ஜெயிச்சாச்சு!!! தொண்டை போயிடுச்சு.

ஆனால் — விருதுக் குழுத் தலைவர் மைக்கைப் பிடித்தார், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார், எழுதிவந்ததைக் கம்பீரமாக வாசித்தார்: “இப்படியொரு கொலைகாரியை நான் எந்த நாவலிலும் கண்டதில்லை!” பாதி அரங்கம் “ஐயோ!” என்றது. கைதட்டல் என்று நினைத்து இன்னொரு தடவை சொன்னார். நேரலை வேறு.

அக்கா மேடையிலிருந்து கண்ணாலேயே என்னைத் தேடிப் பிடித்தார். விருதால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

மார்ச் 23
தமிழாசிரியர் எழுதியிருக்கிறார்: “அப்படியானால் முதல் பதிவில் பிழையே இல்லை. மற்றதெல்லாம் வேண்டுமென்றே செய்ததா, அம்மா?” ஒரு இதயம் மட்டும் போட்டேன்.

அக்காவிடம் கேட்டுக்கொண்டு இப்போது பக்கத்தில் போட்டது:

“மக்களே, இன்னும் படிக்காதவர்கள் விழா வீடியோவைத் திறக்காதீர்கள். படித்தவர்கள் வாயைத் திறக்காதீர்கள், புத்தகத்தை மட்டும் கைமாற்றுங்கள். அடக்கவே முடியவில்லை என்பவர்கள் ஞாயிறு மாலை நூலக மாடிக்கு வாருங்கள். அக்காவும் வருகிறார். கதவைச் சாத்திவிட்டு, யார் கொன்றது என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவோம்.”