கூடைப்பந்தில் நீ விழுந்த ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜஹானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் ரஹ்மத்தால் கலகெதரவில் நாங்கள் சுகம், உன் சுகத்துக்குத்தான் இங்கே ஊரே துஆ கேட்டு முடித்திருக்கிறது, அந்தக் கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஃபோனில் சொல்ல உன் உம்மா எங்கே விட்டாள். ஜெர்மனிக்குத் திரும்புகிற ஷிராஸின் பையில் மாசிச் சம்பலோடு இதையும் வைக்கிறேன்.

ஞாயிறு உன் மெச்சை உம்மா வீட்டில் லைவாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் கடையில். யாரோ ஒருத்தி இடித்து நீ வீல்செயாரோடு கவிழ்ந்த இடத்தில் சிக்னல் போய்ப் படம் அப்படியே நின்றுவிட்டது. பள்ளிக்கூடப் போட்டியில் நீ இரும்புக் குண்டு எறிந்த காலத்தில் கதிரையை நிலத்தோடு கட்டியிருந்தார்கள், டெனிஸில் உனக்கும் மற்றவளுக்கும் நடுவே வலை இருந்தது, இதில் வலையைத் தலைக்கு மேலே தொங்கவிட்டு ஆட்களை மோதவிடுவார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னது? உம்மா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு றமீஸா மாமி ஓடி வந்திருக்கிறார், மாமிக்குத் தெரிந்தால் போதாதா. நான் கடையிலிருந்து பள்ளிவாசலுக்குப் போய் அஸர் தொழுது முடிய இமாம், வெளிநாட்டில் ஒரு பிள்ளை விழுந்து மோசமாக இருக்கிறாராம், துஆ செய்யுங்கள் என்றார். யார் பெற்ற பிள்ளையோ என்று நானும் கையேந்தி ஆமீன் சொன்னேன். பிறகுதான் நம்ம மஹ்மூத் நானாவின் மகள் என்று என் பெயரையே சொன்னார். செருப்பைக்கூடப் போடாமல் வீட்டுக்கு ஓடினேன் மகள். வீடு நிறைய ஆட்கள், யாஸீன் ஓதுகிற சத்தம். விளையாடினது போதும், பிள்ளையை வரச் சொல்லுங்கள் என்று உம்மா அழுதாள், நானும் சரி என்றுவிட்டேன்.

பொழுதுபட்டு மஃரிப் தொழுகிற நேரத்தில் நீ ஃபோன் பண்ணினாய். விழாம இந்த விளையாட்டு ஏது வாப்பா, விழுந்த பிறகுதான் நான் நல்லா விளையாடினேன் என்று சிரித்தாய். அல்ஹம்துலில்லாஹ், போன உயிர் திரும்பி வந்தது. இப்போது வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிய எல்லோரும் உன் அடுத்த மெச் எப்போது என்று என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள், இமாமும்தான்.

மறுநாள் உம்மா அந்த மெச்சை முழுதாகப் போட்டுப் பார்த்தாள். இடித்தவளுக்கு நல்ல ஏச்சு. நீ ஒரு கையை நிலத்தில் ஊன்றி வீல்செயாரோடு நிமிர்ந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, இவ எழும்பினத நான் பாக்காம உட்டுட்டேனே என்றாள். உன்னை வரச் சொல்லும் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

தோளுக்கு எண்ணெய் பூசு, குளிரில் வெறும் கையோடு வீல்செயார்ச் சில்லைத் தள்ளாதே. அல்லாஹ் உன் கைகளுக்குப் பலம் தரட்டும், உன் நாட்களில் பரக்கத் செய்யட்டும். விழுந்தால் விழு மகள். எழும்பியதும் உம்மாவுக்கு ஒரு மெசேஜ் போடு, பந்தைப் பிறகு போடலாம்.

உன் வாப்பா,
மஹ்மூத்