குவைத் என்ற நீல டிரம்

ஜூன் 9, திங்கள்

இன்று போர்டை வாசித்துப் பேருந்தில் ஏறினேன். அலங்காநல்லூரில் வரிசையாக நின்றவற்றில் எது ஆரப்பாளையம் போகும் என்று யாரிடமும் கேட்கவில்லை. உட்கார்ந்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்திலிருந்த பெண் பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். சிரிக்கிற கிழவனைக் கண்டால் பயம்தானே.

ராத்திரி வகுப்பு எடுக்கும் சரண்யாதேவி டீச்சர் தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறாள். "மனசுல இருக்கறத எழுதுங்க தாத்தா, தப்பு வந்தா வரட்டும்" என்றாள். ஒரு வரி எழுதுவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும். சுருளி எழுதுகிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

பேரன் அருண்பாண்டி எழுத்தில் செய்தி அனுப்பிவிட்டான். இதுவரை பேசித்தான் அனுப்புவான், காதில் வைத்துக் கேட்பேன். "தாத்தா சாப்டீங்களா. அம்மாச்சி திட்டுதா." இவ்வளவுதான். திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒவ்வொரு தரமும் அதே எழுத்து அங்கேயே இருக்கிறது!

என் வீட்டுக்காரி ராக்கம்மாளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "திட்டுதான்னு அவன் எழுதுனானா, நீயா சேத்துக்கிட்டியா?" என்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது. வகுப்புக்குக் கூப்பிட்டால் வீட்டுக்கு ஒரு மேதாவி போதும் என்கிறாள்.

அவன் எங்கள் மகள் பெற்ற பிள்ளை. மகள் தவறிய பிறகு எங்கள் கையில் வளர்ந்தான். இஸ்ரேலில் கட்டட வேலை, கம்பி கட்டுகிறான். பொங்கல் முடிந்ததும் போனான். போகாதே என்று நான் சொல்லவில்லை. நானே போகாத வெளிநாடா?

ஜூன் 11, புதன்

குழாயில் தண்ணீர் வந்தது. "யோவ், ஒன் குவைத்துக்குத் தண்ணி பிடிக்கலையா?" என்று ராக்கம்மாள் கூப்பிட்டாள்.

இதை எழுதி வைக்க வேண்டும். எங்கள் வாசலில் இருக்கும் நீல டிரம்முக்குக் குவைத் என்று பெயர். அவள் வைத்தது. தொண்ணூறாம் வருடம் நான் குவைத்தில் கூலி வேலையில் இருந்தபோது அங்கே சண்டை வந்தது. லாரியில் பாலைவனத்தைக் கடந்து இன்னொரு நாட்டு எல்லைக்கு வந்து கூடாரத்தில் கிடந்தோம். தண்ணீர் லாரி வரும். பாத்திரம் வைத்திருப்பவனுக்குத் தண்ணீர். எங்களிடம் பாத்திரம் இல்லை.

கூட இருந்தவர் அப்துல் அலீம், மதுரை டவுன்காரர், தையல்காரர். எதை விட்டு வந்தாலும் ஊசியும் நூலும் விடவில்லை. நொறுங்கிக் கிடந்த ஒரு காரின் சீட்டு ரெக்ஸினை அறுத்துப் பை தைத்தார். ஊசி போன ஓட்டை எல்லாவற்றிலும் தண்ணீர் சொட்டியது. ஒருவர் பையைத் தூக்கிப் பிடிப்பார், மற்றவர் கீழே மல்லாந்து வாயைத் திறந்து கிடப்பார். பிறகு ஆள் மாறிக்கொள்வோம்.

ஊருக்கு வந்ததும் ஒரு டிரம் வாங்கினேன். அது உடைந்து, அடுத்தது உடைந்து, இப்போது இது. பெயர் மட்டும் மாறவில்லை. பொழுது சாயும்போது அது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தால் எனக்குப் படுக்கை கொள்ளாது. ஊரே கேலி செய்து ஓய்ந்துவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

டீக்கடை டிவியில் கீழே ஓடும் எழுத்தை வாசிக்கப் பழகுகிறேன். தலையைப் பிடிப்பதற்குள் வால் போய்விடும். இன்று ஒரு சொல்லை முழுதாகப் பிடித்தேன். இஸ்ரேல். பிடித்துவிட்டேன் என்று கடைக்காரரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்த சொல் வந்தது. ஏவுகணை.

டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவனுக்குப் போன் போகவில்லை.

ஜூன் 14, சனி

பேசினான். நல்லா இருக்கேன் தாத்தா என்றான். பின்னால் அபாயச் சங்கு ஊதியது. வைத்துவிட்டான்.

ஜூன் 15, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பரீட்சை. போகவில்லை என்றேன். ராக்கம்மாள்தான் வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்துப் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "இங்க உக்காந்து அத மொறச்சா அவன் வந்துருவானா, போ" என்றாள்.

குடும்பத்தில் உள்ளவர்களின் பெயரை எழுதச் சொல்லிக் கேள்வி. அருண்பாண்டி என்று எழுதினேன். ஒரு புள்ளிகூட விடவில்லை. எழுதி நிமிர்ந்தால் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் ராக்கம்மாள் போனோடு நிற்கிறாள். செய்தி வந்திருக்கிறது. வாசிக்க ஊரில் வேறு ஆளா இல்லை? அவள் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

வெளியே போய் வாசித்தேன். "பக்கத்து பில்டிங் விழுந்துருச்சு தாத்தா. நாங்க படிக்கட்டுக்குக் கீழ இருக்கோம். அடி இல்ல. அம்மாச்சிகிட்ட சொல்ல வேணாம்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டானாம், தூங்கப் போகிறானாம் என்று வாசித்தேன்.

"பட்டப்பகல்லயா?"

ராத்திரி வேலையாம் என்றேன். அவள் போனை மடியில் கட்டிக்கொண்டு போனாள். நான் திரும்பி வந்து மிச்சப் பரீட்சையை எழுதினேன். என்ன எழுதினேனோ.

ஜூன் 16, திங்கள்

வாசிக்கத் தெரிந்தவன் இப்படித்தான் செய்வானா? எழுத்து ஒன்று சொல்ல, வாய் ஒன்று சொல்ல?

இரண்டு முறை தெருமுனைவரை போய் வந்தேன். எதற்குப் போனேன்? போன் சட்டைப்பையில்தானே இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

உட்கார முடியவில்லை. அலீம் பாயைப் பார்க்கக் காளவாசல் போனேன். அங்கே அவர் மகன் இஜாஸின் துணிக்கடை. பாய் பகலெல்லாம் கடையில்தான் இருப்பார். பேரன் கிளம்பியபோது அவர் வழியனுப்ப வரவில்லை. போகிற சேதியைச் சொன்ன அன்றைக்கு, வேறு நாடே கிடைக்கவில்லையா என்று மட்டும் கேட்டார். பிறகு பேச்சு குறைந்துபோனது. அதனால் படியேறத் தயங்கினேன். அவரே எழுந்து வந்து கையைப் பிடித்தார்.

"அந்த நாட்டு மேல எனக்குக் கோவம் உண்டு சுருளி. புள்ள மேல எனக்கு என்ன கோவம்? மரியம் நாலு நாளா தொழுதுட்டு துஆல அவன் பேரச் சொல்லிட்டுத்தான் எந்திரிக்கிறா" என்று மனைவியைச் சொன்னார்.

கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் அவரிடம் ஒன்று கேட்டேன். அந்தக் கூடார முகாமில் பேப்பர் வந்தால் பாய் வாசித்துச் சொல்வார். பிளேன் வருதாம், நாளைக்கு நம்ம முறையாம், எல்லாரும் நல்லா இருக்காங்களாம் என்பார். அதையெல்லாம் பேப்பரில் பார்த்துத்தான் வாசித்தீர்களா என்று கேட்டேன்.

அவர் வெகுநேரம் சிரித்தார்.

"பேப்பர் அரபில இருந்துச்சு. எழுத்துக் கூட்டி ஓதுவேன், ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. நான் பேப்பரப் பாத்தா வாசிச்சேன்? ஒம் மூஞ்சியப் பாத்துல வாசிச்சேன்."

முப்பத்தைந்து வருடம் கழித்துச் சொல்கிறார். கோபம் வரவில்லை. அந்தப் பொய்யைத் தின்றுதான் நான் பிழைத்து வந்தேன் போலிருக்கிறது. மரியம் பீவி நெய்ச்சோறு கட்டிக் கொடுத்தனுப்பினார்.

ஜூன் 18, புதன்

செய்தி இல்லை. வேலை நின்றுவிட்டது, கேரம் ஆடுகிறானாம் என்று ராக்கம்மாளிடம் சொன்னேன். இப்போது வாசிக்காமலே வாசிக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

காலையில் வந்தது. "ராத்திரி முழுக்க சங்கு. தூக்கம் இல்ல. கை நடுங்குது தாத்தா, கம்பி பிடிக்க முடியாது போல." ராக்கம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, என்னவாம் என்றாள். மழை பெய்கிறதாம், குளிருகிறதாம் என்றேன். அந்த ஊரில் இப்போது மழை உண்டா, எனக்கு எங்கே தெரியும்?

சாயங்காலம் டிரம்முக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் வந்து என் கையிலிருந்து குடத்தை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நீ வாசிக்கறத நான் என்னைக்குய்யா கேட்டேன்? இந்த டிரம்மத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். நல்ல சேதின்னா அந்தியில ஒரு தரம் ரொப்புவ. ஞாயித்துக்கெழம சாப்ட்டான் தூங்குறான்னு சொல்லிட்டு, நெறஞ்சது மேலயே ஊத்துற. வாசல் பூராம் சகதி. இன்னைக்கி மழையாம். காலையிலருந்து எம்புட்டு ஊத்திட்ட, பாரு."

பார்த்தேன். டிரம் வழிந்து தெருவரைக்கும் தண்ணீர் ஓடிக் கிடந்தது. எனக்குத் தெரியவே தெரியாது.

"அவன் எம் வயித்துல பெறக்கலைன்னாலும் எம் மடியில வளந்தவன். இனிமே உள்ளத வாசி. முழுசா."

உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து வாசித்தேன். கட்டடம் விழுந்தது, படிக்கட்டு, சங்கு, கை நடுக்கம். அவள் அழவில்லை. அம்மாச்சிகிட்ட சொல்ல வேணாம் என்ற இடத்தில் மட்டும் "களவாணிப் பய" என்றாள். பிறகு அதையே இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.

ஜூன் 21, சனி

ஒன்றும் வரவில்லை. ஆனாலும் நேற்றைவிட வீடு லேசாக இருக்கிறது. அது எப்படி?

ஜூன் 22, ஞாயிறு

"தாத்தா, எங்கள பஸ்ல ஏத்திட்டாங்க. ஜோர்டான் போயி அங்கருந்து பிளேன்."

ஜோர்டான். அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். தொண்ணூறில் அந்த மண்ணில்தான் கூடாரத்தில் படுத்திருந்தேன், அந்த மண்ணைத் தின்றிருக்கிறேன். ஆனால் அதன் பெயர் எழுத்தில் இப்படி இருக்கும் என்று இன்றுதான் பார்க்கிறேன். என் பேரன் எழுதி அனுப்பிப் பார்க்கிறேன். சிரித்தேன், அப்புறம் விரலை எடுத்தேன். அதே பாதையா? அதே பாதையா எங்க புள்ளையும் போகணும்?

தண்ணி வச்சிருக்கானான்னு கேளு, கேளு என்கிறாள் ராக்கம்மாள். "தண்ணி இருக்கா" என்று எழுதி அனுப்பினேன். நான் போனில் எழுதி அனுப்பிய முதல் செய்தி அதுதான். "இருக்கு தாத்தா" என்று வந்தது.

ஜூன் 25, புதன்

மதுரை ஏர்போர்ட்டில் வருகை என்று எழுதியிருந்தது. வாசித்து அங்கேயே போய் நின்றோம். வழி கேட்காமல் வந்தேன் என்று ராக்கம்மாளிடம் பெருமை பேசினேன். பேசாம நில்லுய்யா என்றாள்.

பாயும் வந்திருந்தார். நான் சொல்லவில்லை, இஜாஸ் விசாரித்துக் கூட்டி வந்திருக்கிறான்.

அருண்பாண்டி மெலிந்து வந்தான். தாடி. அம்மாச்சியைக் கட்டிக்கொண்டான். அவள் முதுகில் அடித்தாள், தடவினாள், திரும்ப அடித்தாள். பாய் தன் பையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். அவன் அப்படியே மூச்சு விடாமல் அடிவரை குடித்தான். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மூடியைத் திருகிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஜூன் 26, வியாழன்

வந்துவிட்டான். வீட்டில் இருக்கிறான். தொட்டுப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். கோழிக்குழம்பு.

ஜூன் 30, திங்கள்

கட்டிலில் படுக்க மாட்டேன் என்கிறான். மொட்டை மாடிப் படிக்கட்டுக்கு அடியில், விறகு கிடந்த இடத்தைக் கூட்டிப் பாய் விரித்துக்கொண்டான். காற்று வருதாம். அங்கே ஏது காற்று? தலைமாட்டில் செருப்பு. வாசல் பக்கம் பார்த்து, போட்டுக்கொண்டு ஓடத் தோதாக வைத்திருக்கிறான்.

நான் ஊர் திரும்பியபோது செருப்பைப் போட்டுக்கொண்டே தூங்குவேன் என்று ராக்கம்மாள் சொல்கிறாள். எனக்கு அது ஞாபகமே இல்லை.

ஜூலை 4, வெள்ளி

பரீட்சையில் தேறிவிட்டேன். சரண்யாதேவி டீச்சர் வீடு தேடி வந்து சொன்னாள். பாதிப் பரீட்சையில் எழுந்து போயும் தேறினது இந்தத் தாத்தா மட்டும்தான் என்றாள். எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தேன். அருண்பாண்டி சிரித்தான். வந்த பிறகு முதல் சிரிப்பு.

அந்த நேரம் பார்த்துக் கோயிலில் வேட்டுப் போட்டார்கள். மிட்டாயோடு படிக்கட்டுக்கு அடியில் போய்விட்டான். டீச்சர் திகைத்து நின்றாள். நானும் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்கால் மடங்க மறுத்தது, மடக்கினேன். ரெக்ஸின் பையில் தண்ணீர் குடித்த கதையைச் சொன்னேன். சின்ன வயதில் ஆயிரம் தரம் கேட்டுச் சிரித்திருக்கிறான். இன்று சிரிக்கவில்லை.

"ஒங்க முறை வரும்போது பையில மிச்சம் இருக்குமா தாத்தா?" என்று கேட்டான்.

இத்தனை வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை. இருக்கும் என்றேன். பாய் பாதியிலேயே எழுந்துவிடுவார் என்று சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கே அது உறைத்தது.

ஜூலை 8, செவ்வாய்

ஏன் பாதியிலேயே எழுந்தீர்கள் என்று பாயிடம் போனில் கேட்டேன். வேறு வேலை இல்லையா உனக்கு என்று வைத்துவிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு சமயநல்லூர் போய்விட்டு வாரேன் என்றான் அருண்பாண்டி. தானாக வெளியே கிளம்பியது இன்றுதான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலிலேயே நின்றேன்.

மதியம் திரும்பி வந்தான். வண்டியின் பின்னால் கயிற்றில் கட்டி ஒரு டிரம். நீலம். மூடி போட்டது. என் டிரம்முக்குப் பக்கத்தில் இறக்கி, ஆடாமல் இருக்கக் கல் வைத்துச் சரி செய்தான். எங்கள் இரண்டு பேரையும் அவன் பார்க்கவில்லை.

ராக்கம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். இன்றைக்கு ஏதாவது சொல்லுவாள், ஒரு பெயர் வைப்பாள், ஊர் சிரிக்கும் என்று காத்திருந்தேன்.

குழாயில் தண்ணீர் வந்தது. என் டிரம்மில் கிடந்த டியூபை எடுத்து அவன் டிரம்மில் போட்டாள். அது நிறைகிறவரை பக்கத்திலேயே நின்றாள். பெயர் ஒன்றும் வைக்கவில்லை.