அனீசுக்கு என்ன சொல்லட்டும், மச்சான்?

அன்பு ஜமால் மச்சானுக்கு,

நீ கண்ணை மூடியதிலிருந்து எனக்குப் பேப்பர் படித்துக் காட்ட ஆளில்லை. இதையும் நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். "மாமா, நேரா விஷயத்துக்கு வாங்க" என்கிறாள். நான் என்றைக்கு நேராக வந்திருக்கிறேன்? உன்னோடு வலங்கைமானுக்கு மாடு வாங்கப் போய், ஆட்டோடு திரும்பியவன்தானே.

சரி, விஷயம். உன் மகன் அனீஸ் துபாயிலிருந்து போன் செய்தான். பாலைவனத்தில் வெள்ளமாம், மச்சான்!

"மாமா, தெருவுல காரெல்லாம் மிதக்குது. வெயில்னா வெளிய நிக்க முடியல, மழைன்னா இப்படி. ஊருக்கே வந்து அத்தா நிலத்தைப் பாக்கட்டுமா? இங்க வேலை ஒப்பந்தத்துக்குத் திரும்பக் கையெழுத்து கேக்குறாங்க. வெள்ளிக்கிழமை சொல்லுங்க."

'வாடா' என்பது நாக்கு வரை வந்தது. 'சரிடா' என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

எங்கோ காடு எரிகிறது, எங்கோ பனிமலை உடைந்து ஊரே போய்விட்டது என்று நீ படிக்கும்போது, "அதெல்லாம் தூரத்துல மச்சான்" என்பேன். இந்த வருஷம் அது நம் வரப்புக்கே வந்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் பிந்தி வந்தது, நடவும் பிந்தியது. ஆனாலும் உன் நிலத்திலும் என் நிலத்திலும் தையில் கதிர் நன்றாகப் பழுத்து நின்றது.

அப்போதும் அனீஸ்தான் கூப்பிட்டான். "மாமா, செவ்வாய்க்கிழமை பெரிய மழை காட்டுது. இன்னைக்கே அறுப்பு மிஷினை இறக்குங்க."

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். பிடாரிக்கு முதல் கட்டுக் கதிர் வைக்காமல் யாரும் அறுக்கமாட்டோம். அதற்குப் புதன்கிழமை என்று நாள் பார்த்திருந்தோம். "தையில ஏதுடா மழை? துபாய்ல உக்காந்துக்கிட்டு எனக்கு வெவசாயம் சொல்றியா?" என்று சிரித்தேன்.

செவ்வாய் மத்தியானம் பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. பயிர் அப்படியே படுத்து, தண்ணீரில் கிடந்த கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. பச்சைப் பசேலென்று, பார்க்க நாற்றங்கால் மாதிரி.

அவனிடம் "கொஞ்சம் சேதம்டா" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அதை நம்பித்தான் வருகிறேன் என்கிறானோ? வந்தால் எந்த மாதத்தை நம்பி விதைக்கச் சொல்வேன்? வராதே என்றால் அந்த வெள்ளத்திலேயே இரு என்று சொன்னதாகாதா? நீ இருந்தால் திட்டியாவது ஒரு வழி சொல்லியிருப்பாய்.

நாளைக்கு வெள்ளி. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கூப்பிடுவான். வா என்றும் சொல்லமாட்டேன், வராதே என்றும் சொல்லமாட்டேன். முளைத்த நெல்லைச் சொல்வேன். அவன் பேச்சைக் கேட்காமல் நான் சிரித்ததையும் சொல்வேன். அதைக் கேட்ட பிறகும் வருகிறேன் என்றானானால், அவன் மழை என்று சொல்கிற நாளில், பிடாரியிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு மிஷினை இறக்குவேன். இது உனக்குச் செய்து தரும் சத்தியம்.

உன் பிள்ளைக்குப் பொய் சொன்ன,
உன் மச்சான் கலியபெருமாள்