வாய்விட்டுச் சிரித்த காலை

டீச்சரம்மாவுக்கு,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. உப்பு கொஞ்சம் தூக்கல், பொறுத்துக்கொள். நான் பிசியோதெரபிக்குத் தனியாகவே பஸ்ஸில் போகிறேன். டிரைவராக ஓட்ட இல்லை, பயணியாக உட்கார்ந்துதான்.

இரண்டு மாதத்துக்கு முன் டாக்டரிடம் நீ, "முதுகுவலி மட்டுமில்ல டாக்டர், இவர் சிரிச்சே ஒரு வருஷமாச்சு" என்று போட்டு உடைத்தாய். பைத்தியக்காரப் பட்டம் கட்டிவிட்டாய் என்று மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. "வலி மனச அழுத்துது, மனசு வலிய ஏத்துது. ரெண்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம்" என்று டாக்டர் சொன்னதையும் நான் நம்பவில்லை. உனக்காகத்தான் அவர் மனசுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை விழுங்கினேன்.

வலி இன்னும் போகவில்லை. ஆனால் இன்று காலை சின்னவள் என் பெரிய ஷூவை மாட்டிக்கொண்டு நடந்தாள். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இடுப்பில் சுரீரென்றது, அப்படியும் சிரிப்பு நிற்கவில்லை. "அப்பா, உனக்குச் சிரிக்கக்கூட வருமா?" என்று கேட்டாள்.

நீ சொன்னது சரிதான். நேரில் சொல்ல வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

பி.கு.: கூச்சப்பட்டு, மனசுக்கான மாத்திரையை வாங்க உன்னையே அனுப்பிக்கொண்டிருந்தேன். டாக்டர் சீட்டை உன் பையிலிருந்து எடுத்துக்கொண்டேன். இன்று நானே கடையில் கேட்டு வாங்கி வருகிறேன்.