பேர் அடுத்த கடிதத்தில்

மரியோவோ, 1956 நவம்பர் 20

அடேய் ஸ்பாசே,

சுகமா? நாங்கள் சுகம், ஆடுகள் எங்களைவிடச் சுகம். ஜனவரியில் உன் மெங்காவுக்குப் பிள்ளை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரி வெலிகா அழ உட்கார்ந்தாள், அடுப்பில் பீன்ஸ் தீய்ந்தது. அந்தப் பழி உன் தலையில்.

என்ன பேர் என்று இப்போதே கேட்கிறாயே, வெட்கமில்லை? உன் தாத்தாவிலிருந்து உன் வீட்டுக்கு ஞானத்தகப்பன் எங்கள் வீடு. எங்கள் வாயிலிருந்து வரும்வரை பெற்றவர்களுக்கே பேர் தெரியக் கூடாது. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினால் முறை மாறிவிடுமா?

"எங்கிட்டயாவது சொல்லித் தொலையேன்யா" என்கிறாள் வெலிகா. "சொன்னா நாளைக்கே கிணத்தடியில பாட்டாப் பாடிடுவே" என்றேன்.

பிள்ளை பிறந்ததும் எழுது. பேர் அடுத்த கடிதத்தில். அதுவரை கொஞ்சம் தவி.

உன் ஞானத்தகப்பன் வீட்டு
ரிஸ்டான்


பெர்த், 1957 ஜனவரி 14

என் அன்பு ரிஸ்டான் அண்ணனுக்கு,

ஆண்பிள்ளை. மெங்கா நலம். பையன்தான் பூனைக்குட்டி போல இருக்கிறான், பால் குடிக்கவே களைத்துப்போகிறான். முதல் இரண்டு பிள்ளைகளை, யானாவையும் தோமேயையும், நம் ஊர் மண்ணில் புதைத்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். பயமாக இருக்கிறது.

இங்குள்ள நம் பாதிரியார், "எங்கேயோ இருக்கிறவருக்காக ஏம்ப்பா காத்திருக்கணும்? நானே ஒரு பேர் வெச்சு ஞானஸ்நானம் கொடுத்துடறேன்" என்றார். உங்களை மீறி ஒரு பேரா? மறுத்துவிட்டேன்.

மெங்கா அவனைப் 'பையா' என்றுதான் கூப்பிடுகிறாள். "பேரில்லாமப் போயிட்டான்னா யார் பேரைச் சொல்லி மெழுகுவத்தி ஏத்துவேன்?" என்று கேட்கிறாள். கடிதம் தாமதமாகும் என்றால் தந்தி கொடுங்கள் அண்ணா. ஒரே ஒரு சொல் போதும்.

உங்கள்
ஸ்பாசே


மரியோவோ, 1957 பிப்ரவரி 6

அடேய் பையனைப் பெற்றவனே,

பனியில் பாதை அடைபட்டு உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. தந்தியில் ஒரு சொல்லாம்! இத்தனை வருஷம் கழித்து மறுபடி பேர் வைக்கப்போகிறேன், ஒரு சொல்லோடு விடுவேனா?

முதலில் அலெக்சாந்தாரை யோசித்தேன். உலகத்தையே பிடித்தவன் பேர். ஆனால் நம் ஊர் அலெக்சாந்தாருக்கு ஓடிப்போன கழுதையைப் பிடிக்கத் துப்பில்லை, மூன்று நாளாக ஊரே தேடுகிறது. பிலிப்? ராஜா பேர்தான். நம் பிலிப் பெண்டாட்டிக்குப் பயந்து வைக்கோலில் படுக்கிறான். க்ளிமென்ட் எழுத்துச் சொல்லிக்கொடுத்த புனிதர். என் கையெழுத்தைப் பார்த்த பிறகு அவர் பேரைத் தொடலாமா? 'தாமே' என்று வைக்கலாமென்றால் அது ஒரு கலகக்காரன் பேர், உன் வீட்டில் மெங்கா உன்னை அடிப்பது போதாதா?

சரி, தவித்தது போதும். ஸ்தோயான். எங்கேயும் போகாதே, இங்கேயே இரு என்று அர்த்தம். பிள்ளை நிற்காத வீட்டில் வைக்கிற பேர். நீ பேர் கேட்ட வரிக்கு வருவதற்கு முன்னாலேயே, மெங்காவுக்குப் பிள்ளை என்று படித்ததுமே முடிவு செய்துவிட்டேன். ஸ்தோயானின் கன்னத்தை எனக்காகக் கிள்ளு.

உன் ஞானத்தகப்பன் வீட்டு
ரிஸ்டான்


பெர்த், 1957 பிப்ரவரி 27

திரு. ரிஸ்டான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பையனை அதற்கு முந்தின வாரமே புதைத்துவிட்டோம். இரண்டு நாள் காய்ச்சல். பாதிரியார் வந்து சேர்ந்தபோது மூச்சில்லை. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை என்பதால் சிலுவையில் எங்கள் குடும்பப் பேர் மட்டும் இருக்கிறது.

கடிதத்தை மெங்காதான் உரக்கப் படித்தாள். கழுதை வந்த இடத்தில் பழக்கத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அவள் பார்த்தாள். மேலே படித்தாள். பேர் வந்ததும் நிறுத்தி, "இது யாருக்கு?" என்றாள்.

இனி ஒரு பிள்ளை பிறந்தால் எதிர் வீட்டுக்காரர் பேர் வைப்பார். அவரிடம் பேசிவிட்டேன். நீங்கள் எடுத்துவைத்த பேரை வேறு யார் வீட்டுக்காவது கொடுத்துவிடுங்கள்.

வெலிகா அண்ணிக்கு எங்கள் வணக்கம். பதில் வேண்டாம்.

ஸ்பாசே